புக்கிட் பெலிம்பிங்கில் ஆலை மரம்: தளத்துக்கும் கூரைக்கும் எது பொருந்தும்?

தோட்டத்தில் வேலை இருக்கும் வரைதான் வீடு. புக்கிட் பெலிம்பிங், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை என்று கோலா சிலாங்கூர் வட்டாரம் முழுவதும் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இந்த விதிக்குக் கட்டுப்பட்டே வாழ்ந்தார்கள். வீடு நிர்வாகத்துக்குச் சொந்தம். ஒழுகினால் ஒட்டுப் போடலாம். இடித்துக் கட்டும் உரிமை கிடையாது. எந்த மரத்தில் சட்டம் போடுவது, எந்தத் தகரத்தில் கூரை வேய்வது என்பதையெல்லாம் பங்களாவில் இருந்தவர்களே முடிவு செய்தார்கள்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. தோட்டத்தை விட்டு வெளியே வந்தவர்கள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளில் வீடு வாங்குகிறார்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆனதும் மேலே ஒரு தளம் ஏற்ற நினைக்கிறார்கள். கோயில் நிர்வாகங்கள் மண்டபத்துக்குக் கூரை போடுகின்றன. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் பள்ளிக்குத் திறந்த மண்டபம் கேட்கின்றன. எந்தப் பொருளில் கட்டுவது என்பதை முதன்முறையாக இவர்களே தீர்மானிக்கிறார்கள். அந்தத் தீர்மானம் பெரும்பாலும் குத்தகைக்காரர் சொல்லும் ஒரே வார்த்தையில் முடிந்துவிடுகிறது: கீழே கான்கிரீட், மேலே இரும்பு. மரம் என்ற பேச்சை எடுத்தாலே, கரையான் தின்றுவிடும் என்ற பதில் வந்துவிடும்.

அந்தப் பதிலில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதியை ஆராய்வதே இக்கட்டுரையின் வேலை. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் வீட்டின் மாடித் தளத்தையும் கூரையையும் தாங்குவதற்கு, ஆலையில் ஒட்டியோ தகட்டால் இணைத்தோ செய்த மரச் சட்டங்கள் பெருமளவில் பயன்படுகின்றன. பொறியியல் மரம் என்று அதற்குப் பெயர். வடசிலாங்கூரின் ஈரத்திலும் களிமண்ணிலும் கரையானுக்கு நடுவிலும் அது நிலைக்குமா? நிலைக்குமென்றால் அதில் எந்த வகை, எந்த இடத்தில்?

லயத்து வீட்டின் மரவேலை

ஆய்வை நம் பழைய வீடுகளிலிருந்தே தொடங்கலாம். தொடக்க காலத்துத் தோட்ட லயங்கள் பல, மரத் தூண்களின் மேல் தரையைவிட்டு உயர்த்திக் கட்டப்பட்டவை. தூண்களின் மேல் உத்திரம்; உத்திரத்தின் குறுக்கே வரிசையாகத் தளச் சட்டங்கள்; அவற்றின் மேல் பலகை. மலாய் ஆசாரிகள் கெலெகார் என்று சொல்வதும் இந்தத் தளச் சட்டத்தைத்தான். கூரையில் கைமரம், அதன்மேல் ரீப்பர், அதன்மேல் அத்தாப்பு. பின்னாளில் அத்தாப்பின் இடத்துக்குத் தகரம் வந்தது. மலாய் ஐக்கிய மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, தொழிலாளர்களுக்கு வீடு தருவதையும் சுகாதாரத்தைக் காப்பதையும் தோட்ட நிர்வாகங்களின் கடமையாக்கியது. ஆனாலும் அந்த வீடுகளில் இடநெருக்கடியும் புழுக்கமும் தீரவில்லை. அதை யாரும் மறக்க முடியாது.

கட்டுமானம் என்ற ஒரு கோணத்தில் மட்டும் பார்த்தால், உயர்த்திக் கட்டிய வீட்டில் ஓர் அறிவு இருந்தது. தளச் சட்டத்துக்குக் கீழே காற்று ஓடியது. மழைத் தண்ணீர் ஓடி வடிந்தது. வீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தால் எல்லாச் சட்டமும் கண்ணுக்குத் தெரிந்தது. கரையான் மண்ணிலிருந்து மரத்துக்கு ஏற வேண்டுமென்றால் தூணின் வெளிப்பக்கம் மண்ணால் குழாய் கட்டித்தான் ஏற வேண்டும். அந்தக் குழாய் விறகு எடுக்கப் போகிறவர் கண்ணில் பட்டுவிடும்.

பின்னர் தரையோடு தரையாகச் சிமெண்டுத் தளம் வந்தது. கழுவ வசதி, நடக்க உறுதி. ஆனால் பலகைச் சுவர் சிமெண்டுத் தரையில் நேரடியாக உட்கார்ந்த வீடுகளில் அழிவு அந்த அடிப்பகுதியிலிருந்து தொடங்கியது. தரையைக் கழுவிய தண்ணீர் பலகையின் அடியில் ஊறியது. சிமெண்டின் விரிசல் வழியே வந்த கரையான் வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே ஏறியது. ஒருநாள் விரலால் அழுத்தினால் சாயம் மட்டும் தோல்போல நின்று, உள்ளே ஒன்றும் இருக்காது.

கூரையிலும் இதே கதைதான். பழைய தகரக் கூரைக்குக் கீழே ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கைமரத்தின் நடுப்பகுதி பெரும்பாலும் கல்போல இருக்கும். சிதைவு இருப்பது இரண்டே இடங்களில். ஒன்று, ஆணி துளைத்த ஓட்டையில் ரப்பர் வளையம் போய், மழை சொட்டுச் சொட்டாக இறங்கிய இடம். இன்னொன்று, தாழ்வாரத்தில் கைமரத்தின் வெட்டு முனை வெயிலிலும் மழையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் இடம். மரத்தின் வெட்டு முனை தண்ணீரை உறிஞ்சும் வேகம், அதன் பக்கவாட்டைவிடப் பல மடங்கு அதிகம். மரத்தைக் கெடுத்தது வயது அல்ல, தேங்கிய ஈரம்.

இந்த அனுபவம் பொறியியல் மரத்தை எடைபோடும்போது நமக்கு அளவுகோலாக இருக்க வேண்டும்.

ஒட்டுமரம் வந்த வழி

பெரிய மரம் குறைந்தபோது சிறிய மரத்தைச் சேர்த்துப் பெரிதாக்கும் முயற்சி தொடங்கியது. ஜெர்மனியின் வைமார் நகரைச் சேர்ந்த ஓட்டோ ஹெட்சர், பலகைகளை அடுக்கிப் பசையிட்டு அழுத்தி வளைவான உத்திரம் செய்யும் முறைக்கு 1906-இல் காப்புரிமை பெற்றார். இன்று குளுலாம் என்று அழைக்கப்படும் அடுக்கு ஒட்டுமரத்தின் தொடக்கம் அதுவே. அமெரிக்காவில் 1934-இல் மேடிசன் நகரிலுள்ள அரசு வனப்பொருள் ஆய்வுக்கூடம் தன் வளாகத்திலேயே குளுலாம் வளைவுகளால் ஒரு கட்டடம் எழுப்பிச் சோதித்தது.

அடுத்த திருப்பம் புளோரிடாவில் நிகழ்ந்தது. 1955-இல் கால்வின் ஜூரைட் என்ற பொறியாளர் பற்கள் வைத்த இரும்புத் தகடு ஒன்றை உருவாக்கினார். இரண்டு மரத்துண்டுகள் சேரும் இடத்தில் இருபக்கமும் அதை வைத்து அழுத்தினால், நூற்றுக்கணக்கான பற்கள் மரத்தில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். முக்கோணங்களாகக் கூரையைத் தாங்கும் டிரஸ்களை ஆலையிலேயே செய்து லாரியில் ஏற்றிவிட இது வழி திறந்தது. மலேசியாவின் தாமான் வீடுகளில் ஓட்டுக்கூரைக்கு அடியில் இருக்கும் மரடிரஸ்கள் இந்தத் தகட்டுமுறையில் வந்தவையே. நம் மக்களில் பலர் பொறியியல் மரத்துக்குக் கீழேயே ஏற்கெனவே உறங்குகிறார்கள்.

மூன்றாவது, ஐ வடிவச் சட்டம். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் போய்சி நகரில் ஹேரால்டு தாமஸும் ஆர்தர் டிரவுட்னரும் 1960-இல் தொடங்கிய டிரஸ் ஜாய்ஸ்ட் நிறுவனம் 1969-இல் இதைக் கொண்டுவந்தது. மெல்லிய மரத்தாள்களை ஒரே திசையில் அடுக்கி ஒட்டும் எல்.வி.எல். மரத்தையும் அடுத்த சில ஆண்டுகளில் அதே நிறுவனம் கட்டுமானத்துக்குக் கொண்டுவந்தது. 1990-களில் ஆஸ்திரியாவில் பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிச் சுவரளவுப் பலகம் செய்யும் முறை வளர்ந்தது. மாடிக் கட்டடங்களை மரத்திலேயே எழுப்பும் துணிவு அதிலிருந்து வந்தது.

ஐ வடிவச் சட்டத்தை உற்றுப் பார்த்தால்

தளச் சட்டம் பாரத்தில் வளையும்போது மேல்விளிம்பு அமுங்குகிறது, கீழ்விளிம்பு இழுபடுகிறது. நடுவில் இருக்கும் மரத்துக்கு அந்த வளைவில் பெரிய வேலை இல்லை. ஆகவே மேலும் கீழும் கெட்டியான மரம் வைத்து, நடுவில் மெல்லிய பலகையை நிறுத்தி ஒட்டினால் மரம் மிச்சம். ஐ வடிவச் சட்டத்தின் தத்துவம் இதுதான். நடுப்பலகை பெரும்பாலும் மரச் சீவல்களை அழுத்தி ஒட்டிய ஓ.எஸ்.பி.; பருமன் 9.5 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும்.

உயரம் கூடினால் பலன் எப்படிக் கூடுகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே அகலமுள்ள சட்டத்தின் உயரத்தை இரட்டிப்பாக்கினால் அதன் வலிமை நான்கு மடங்கும் விறைப்பு எட்டு மடங்கும் ஆகிறது. 241 மில்லிமீட்டர் உயரமுள்ள ஐ வடிவச் சட்டம் ஒரு மீட்டருக்கு மூன்றரைக் கிலோ அளவுக்குத்தான் எடை இருக்கும். கிட்டத்தட்ட அதே உயரத்தில் 50-க்கு 225 மில்லிமீட்டர் குருயிங் சட்டம் எடுத்தால் மீட்டருக்கு ஒன்பது கிலோ வரும். ஒரே ஆள் தோளில் வைத்து ஏணியேறும் எடைக்கும் இரண்டுபேர் திணறும் எடைக்கும் உள்ள வித்தியாசம் இது. ஐ வடிவச் சட்டம் முறுக்கிக்கொள்ளாது, நீளமாகக் கிடைக்கும், எல்லாம் ஒரே அளவாக இருக்கும். தளம் மேடுபள்ளமில்லாமல் அமையும்.

இந்தச் சிக்கனத்துக்கு விலையும் உண்டு. மேல்விளிம்பையோ கீழ்விளிம்பையோ ஒரு விரற்கடைகூட வெட்டக்கூடாது. குழாய்க்கும் மின்கம்பிக்கும் துளை போட வேண்டுமென்றால் நடுப்பலகையில், அதுவும் தாங்குமிடத்திலிருந்து தள்ளி, தயாரிப்பாளர் குறித்த அளவில் மட்டுமே போடலாம். தூண் போன்ற பாரம் நேரே இறங்கும் இடத்தில் பக்கத்தில் முட்டுக்கட்டை வைக்க வேண்டும். மேலே பலகை அடிப்பதற்குமுன் சட்டங்களைக் குறுக்கே கட்டி நிறுத்தாவிட்டால், மேலே நடப்பவரோடு சாய்ந்துவிடும். நம்மூரில் தண்ணீர்க்குழாய் போடுபவர் ஒருவர், மின்வேலை செய்பவர் இன்னொருவர். இருவரும் ஆசாரி போன பிறகுதான் வருவார்கள். ரம்பத்தோடு வரும் அவர்களுக்கு இந்த விதிகளை யார் சொல்வது? ஐ வடிவச் சட்டம் இங்கே பரவாததற்கு விலை மட்டும் காரணமல்ல. அதைக் கையாளும் வேலைமுறை இங்கே இல்லை.

மலேசிய மரமும் மலேசியப் பசையும்

மலேசியாவில் மரத்தைக் கட்டுமானத்துக்குப் பயன்படுத்துவதற்கான விதிநூல் எம்.எஸ். 544. இது மரவகைகளை எஸ்.ஜி. 1 முதல் எஸ்.ஜி. 7 வரை ஏழு வலிமைக் குழுக்களாகப் பிரிக்கிறது. செங்காலும் பாலாவும் முதல் குழுவில் நிற்கின்றன. கெம்பாஸ் வலிமையில் இரண்டாம் குழு. ஆனால் மருந்தேற்றாமல் பயன்படுத்தக்கூடாது. காப்பூர் நான்காவது, குருயிங்கும் அடர்சிவப்பு மெராந்தியும் ஐந்தாவது, வெளிர்சிவப்பு மெராந்தி ஆறாவது. வலிமை வேறு, நீடிப்பு வேறு என்பதை இந்த விதிநூல் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. பலமான மரம் என்று கடைக்காரர் சொன்னால், மருந்தேற்றியதா என்ற அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும்.

செங்கால் தூண் போட்டுக் கட்டிய காலம் போய்விட்டது. தீபகற்ப மலேசியாவில் பெரிய கட்டைகள் அரிது. அவற்றின் விலை கூலிக்காரருக்கு எட்டும் விலையன்று. ஆகவே சிறு பலகைகளை ஒட்டிப் பெரிய சட்டம் செய்யும் குளுலாம் இங்கே பொருள்பெறுகிறது. அதற்கு எம்.எஸ். 758 என்ற தனித் தரநிர்ணயம் உண்டு. மலேசிய மரத்தொழில் வாரியம் ஜொகூர் பாருவில் குளுலாம் காட்சிக்கூடம் ஒன்றைக் குளுலாமிலேயே அமைத்தது. கெப்போங்கில் 1929-இல் தொடங்கப்பட்ட மலேசிய வன ஆய்வு நிலையம் உள்நாட்டு மரங்களின் வலிமையையும் பசையேற்கும் தன்மையையும் நெடுங்காலமாகச் சோதித்துவருகிறது. கோலா சிலாங்கூரிலிருந்து கோலாலம்பூருக்குப் போகும் வழியை ஒட்டித்தான் கெப்போங் இருக்கிறது. இவ்வளவு அருகில் இருக்கும் அறிவு தோட்டப்புறத்துக்கு வந்துசேரவில்லை.

பசையில் ஒரு சிக்கல் உண்டு. ஐரோப்பிய ஊசியிலை மரங்கள் இலேசானவை, பசையை நன்றாக உறிஞ்சுபவை. நம் காட்டு மரங்களில் பல அடர்த்தியானவை. குருயிங் போன்றவற்றில் பிசின் அதிகம். பசை உள்ளே இறங்கத் தயங்கும். மரத்தைச் சரியான ஈரப்பதத்துக்கு உலர்த்தி, இழைத்த உடனே பசையிட்டு, கணக்கான அழுத்தத்தில் வைக்காவிட்டால் ஒட்டு விட்டுப்போகும். வீட்டுப் பட்டறையில் வெள்ளைப் பசை பூசி, கிளாம்பு வைத்து இறுக்கிய உத்திரத்தைக் குளுலாம் என்று யாராவது சொன்னால் நம்பக்கூடாது. கட்டுமான ஒட்டுமரத்துக்கு ஃபீனால் ரெசோர்சினால் போன்ற நீர் தாங்கும் பசைகள்தாம் ஏற்றவை. அந்த வேலை ஆலையில்தான் நடக்க வேண்டும்.

பால்மரமும் செம்பனையும்

இந்த வட்டாரத்தின் கேள்வி இங்கேதான் மிகவும் கூர்மையாகிறது. நம் முன்னோர் நட்டு, பால் வெட்டி, கடைசியில் சாய்த்த மரங்கள் எங்கே போயின?

ரப்பர் மரம் 25 முதல் 30 ஆண்டுகள் வரை பால் தரும். பிறகு வெட்டி மறுநடவு. வெகுகாலம் அந்த மரம் விறகாகத்தான் போனது. பிறாயில் 1967-இல் இயங்கத் தொடங்கிய மலாயாவாத்தா உருக்காலை தன் உலைக்கு ரப்பர் மரக் கரியைப் பயன்படுத்தியது. மரமாக அது மதிக்கப்படாததற்குக் காரணம் அதன் மாவுச்சத்தும் சர்க்கரையும். வெட்டிப்போட்ட சில நாட்களில் நீலப் பூஞ்சணம் பிடிக்கும். பிறகு உளுப்பூச்சி புகுந்து மாவாக உதிர்க்கும். அறுத்த உடனே போரான் மருந்தேற்றி, சூளையில் உலர்த்தினால் இந்தக் குறை நீங்கும் என்று நிலைநாட்டிய பிறகு அது மரச்சாமான் தொழிலின் முதுகெலும்பாயிற்று. மூவாரில் செய்யும் மேசை நாற்காலிகள் பெரும்பாலும் அதில்தான் செய்யப்படுகின்றன. உள்நாட்டு ஆலைகளுக்கே மரம் போதவில்லை என்பதால் 2017 ஜூலை முதல் அறுத்த ரப்பர் மரத்தின் ஏற்றுமதிக்கு மலேசியா தடை விதித்தது.

எம்.எஸ். 544 ரப்பர் மரத்தை ஐந்தாம் வலிமைக் குழுவில் வைக்கிறது; குருயிங் இருக்கும் அதே வரிசை. மருந்தேற்றிய பிறகே பயன்படுத்தலாம் என்பது நிபந்தனை. அதில் கிடைக்கும் பழுதில்லாத துண்டுகள் குட்டை. பால் வெட்டிய பட்டைப் பகுதியில் மரம் வடுப்பட்டிருக்கும். மேலே போகப்போகக் கிளை பிரியும். ஆகவே துண்டுகளின் முனையில் பற்கள் வெட்டி, இரு கை விரல்களைக் கோத்ததுபோல் சேர்த்து ஒட்டும் விரற்பூட்டு முறைதான் வழி. மரச்சாமான் ஆலைகள் இதை அன்றாடம் செய்கின்றன. கட்டுமானத்துக்குரிய பசையோடும் தரச்சோதனையோடும் அதே வேலையைச் செய்தால், ரப்பர் மரத்தில் தளச் சட்டமும் டிரஸும் செய்வது தொழில்நுட்பத்தில் எட்டாத காரியமல்ல. போரான் தண்ணீரில் கரைந்து வெளியேறிவிடும் என்பதால், இது கூரைக்கடியிலும் மாடித் தளத்திலும் நனையாத இடத்துக்கு மட்டுமே உரியது.

செம்பனையின் கதை வேறு. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் இதே வட்டாரத்தில், பத்தாங் பெர்ஜுந்தை அருகே உள்ள தென்னமரம் தோட்டத்தில், ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரரால் நடப்பட்டது. இன்று கோலா சிலாங்கூர் தோட்டங்களில் கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனைதான். மறுநடவில் சாயும் அடிமரங்களைப் பார்க்கும் எவருக்கும் இதை வீட்டுக்குப் பயன்படுத்தினால் என்ன என்று தோன்றும். ஆனால் செம்பனை பனை, தென்னை இனம். வைரம் பாய்வது வெளிவட்டத்தில் மட்டும். உள்ளே சோறும் தண்ணீருமே. வெட்டிய அடிமரத்தில் உலர்மரத்தின் எடையைவிட அதிக எடைக்குத் தண்ணீர் இருக்கும். உலர்த்தும்போது உள்பகுதி சுருங்கிச் சிதையும். மற்ற மரத்தாள்களோடு சேர்த்துப் பிளைவுட் செய்யும் முயற்சிகள் மலேசியாவில் வெற்றிபெற்றிருக்கின்றன. பாரம் தாங்கும் தளச் சட்டமாக அதை இன்று பரிந்துரைக்க முடியாது.

ஈரம், கரையான், நெருப்பு, காற்று

எந்தப் பொருளானாலும் இந்த நான்கையும் தாண்டியாக வேண்டும்.

ஈரம் முதலாவது. மலேசியாவின் காற்றில், நிழலில் இருக்கும் மரத்தின் ஈரப்பதம் 15 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். இந்த அளவில் குளுலாமும் டிரஸும் நன்றாகவே இருக்கும். 20 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் பூஞ்சணத்துக்கு வழி திறக்கிறது. ஐ வடிவச் சட்டத்தின் ஓ.எஸ்.பி. நடுப்பலகை தொடர்ந்து நனைந்தால் விளிம்பில் உப்பும். அதைத் தயாரிப்பவர்களே உலர்ந்த இடத்துக்கு மட்டும் என்று விதிக்கிறார்கள். பிற்பகல்தோறும் மழை பெய்யும் ஊரில், கூரை போடுவதற்குமுன் தளம் போடும் வழக்கத்தோடு இது ஒத்துப்போகாது.

கரையான் இரண்டாவது. இந்த வட்டாரத்தின் கரிமண் சதுப்பில் நட்ட செம்பனையையும் ரப்பரையும் உயிரோடு தின்னும் கரையான் இனம் இருக்கிறது. அதன் உறவினம் வீடுகளைத் தாக்குகிறது. ஒட்டுமரம் என்பதால் கரையான் தயங்காது. மருந்து வேண்டும், மண்ணிலிருந்து பிரிவு வேண்டும், பார்க்கும் வழி வேண்டும். தாமிரமும் குரோமியமும் ஆர்செனிக்கும் கலந்த சி.சி.ஏ. மருந்து மலேசியாவில் நெடுநாள் பழக்கம். மரம் பச்சை நிறமாகத் தெரிந்தால் அதுவாக இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுக்கு அதை 2003-ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்திவிட்டார்கள். ஒன்றை நம் வீடுகளில் அழுத்திச் சொல்ல வேண்டும்: சி.சி.ஏ. ஏற்றிய மரத்தின் வெட்டுத் துண்டுகளைப் பொங்கல் அடுப்பிலோ கோயில் அன்னதான அடுப்பிலோ விறகாக எரிக்கவே கூடாது. புகையிலும் சாம்பலிலும் ஆர்செனிக் இருக்கும்.

நெருப்பு மூன்றாவது. பெரிய குளுலாம் உத்திரம் வெளியே கரியாகிக்கொண்டே உள்ளே வலிமையோடு நிற்கும்; கரியாகும் வேகம் நிமிடத்துக்கு 0.7 மில்லிமீட்டர் அளவு. மெல்லிய ஐ வடிவச் சட்டத்துக்கு அந்த இருப்பு இல்லை. 2008-இல் அமெரிக்காவின் யூ.எல். ஆய்வுக்கூடம் அடியில் மூடாத தளங்களை எரித்துச் சோதித்தபோது, முழுமரச் சட்டங்களின் மேல் போட்ட தளம் 18 நிமிடம் அளவுக்கு நின்றது. ஐ வடிவச் சட்டத் தளம் 6 நிமிடத்தில் இறங்கிவிட்டது. அதன்பின் அந்நாட்டு வீட்டு விதியில் அடிப்பக்கத்தை ஜிப்சம் பலகையால் மூடுவது சேர்க்கப்பட்டது. நெருக்கமான வீடுகளும் தொலைவிலிருந்து வரவேண்டிய தீயணைப்பு வண்டியும் உள்ள ஊரில் இந்தக் கணக்கை அலட்சியம் செய்யக்கூடாது.

காற்று நான்காவது. புயல் நமக்கு இல்லை. ஆனால் மலாக்கா நீரிணையைக் கடந்து விடியற்காலையில் வரும் சுமத்ரா காற்றுமழை உண்டு. அது தகரக் கூரையை மேலிருந்து அமுக்குவதில்லை, கீழிருந்து தூக்குகிறது. இலேசான கூரைக்கு ஆபத்து பாரத்தால் அன்று, பிடிப்பில்லாமையால். பச்சை மரத்தில் அடித்த ஆணி, மரம் உலர்ந்ததும் பிடியைத் தளர்த்திவிடும். ஆலையில் உலர்த்திய மரமும், டிரஸைச் சுவர் உத்திரத்தோடு கட்டும் இரும்புப் பட்டையும் இந்த இடத்தில் உயிர் காப்பவை. பட்டைக்கு ஆகும் செலவு மொத்தக் கூரைச் செலவில் சொற்பம். விட்டுப்போவதும் பெரும்பாலும் அதுதான்.

கான்கிரீட், இரும்பு, மரம்

மெல்லிரும்பு டிரஸ் இன்று தாமான் கூரைகளில் மரத்தின் இடத்தைப் பெருமளவு பிடித்துவிட்டது. கரையான் தொடாது, நேராக இருக்கும். கடலோர உப்புக்காற்றில் வெட்டு முனையும் திருகாணியும் துருப்பிடிக்காமல் காக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

மாடித் தளத்தில்தான் மரத்துக்கு உண்மையான வாய்ப்பு இருக்கிறது. காரணம் எடை. 125 மில்லிமீட்டர் பருமனுள்ள கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 300 கிலோ. 400 மில்லிமீட்டர் இடைவெளியில் குருயிங் சட்டமும் மேலே 20 மில்லிமீட்டர் பலகையும் போட்ட தளம் 40 கிலோ அளவுதான். கோலா சிலாங்கூரின் கரையோரக் களிமண் மென்மையானது. ஒருமாடி வீட்டுக்காகப் போட்ட அடித்தளத்தின் மேல் பிற்பாடு கான்கிரீட் மாடி ஏற்றினால் வீடு ஒருபக்கம் இறங்கிச் சுவரில் விரிசல் விழும் அபாயம் உண்டு. அதே இடத்தில் மரத்தளம் பழைய அடித்தளத்துக்குத் தரும் சுமை மிகக் குறைவு. வீட்டுத் தளத்துக்கு மலேசியக் கட்டட விதி கேட்கும் பயன்பாட்டுப் பாரம் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது 150 கிலோ அளவு. சரியான சட்டங்கள் இதை எளிதில் தாங்கும். கூட்டம் நெருக்கி நிற்கும் மண்டபத் தளத்துக்கு அது 5 கிலோநியூட்டன்; வீட்டு அளவை வைத்துக்கொண்டு கோயில் மண்டபத்துக்கு மாடி போடக்கூடாது.

மரச் சட்டத்தின் மேல் மாடி எழுப்புவது தமிழர்களுக்குப் புதிதுமல்ல. சென்னையின் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் என்று ஒரு முறை இருந்தது. தேக்குச் சட்டங்களை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் சிறு செங்கற்களைக் குத்தாக, மூலைவாட்டாகப் பதித்து, சுண்ணாம்புக் கலவையால் தளம் போடுவார்கள். நூறாண்டு தாண்டிய அத்தகைய தளங்கள் இன்றும் உண்டு. அவற்றைப் பழுதுபார்ப்பவர்கள் முதலில் தட்டிப் பார்ப்பது சட்டத்தின் நடுப்பகுதியை அல்ல, சுவருக்குள் புதைந்த முனையைத்தான். மழைநீர் இறங்கும் சுவரில் அந்த முனைதான் முதலில் உளுக்கும். காடழிவைக் கருதி இந்திய மத்தியப் பொதுப்பணித் துறை 1993-இல் கட்டடங்களில் மரத்தைத் தடைசெய்தது. 2020-இல் அந்தத் தடையை நீக்கியது. நட்டு வளர்த்த மரத்தை உரிய முறையில் பயன்படுத்துவது காட்டைக் காப்பதோடு முரண்படாது என்ற கருத்து அங்கும் வலுப்பெற்றிருக்கிறது.

தீர்ப்பு

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் முடிவு தெளிவாகவே வருகிறது.

தரையோடு ஒட்டிய தளத்துக்கு எந்த மரமும் வேண்டாம். சிமெண்டுத் தரையே சரி. மேலை நாட்டு ஐ வடிவச் சட்டம், அதைப் பொருத்தும் பயிற்சியும் நனையாமல் காக்கும் வேலைமுறையும் அடியில் மூடும் பலகையும் இங்கே வரும் வரை, தோட்டப்புற வீட்டுக்கு ஏற்றதல்ல. மாடித் தளத்துக்கு மருந்தேற்றி உலர்த்திய உள்நாட்டு மரச் சட்டமும், நீளமான இடைவெளிக்குத் தரச்சான்று பெற்ற குளுலாமும் நல்ல தேர்வு. கூரைக்கு, பொறியாளர் கையெழுத்திட்ட டிரஸ், மரமானாலும் இரும்பானாலும், இரும்புப் பட்டையால் சுவரோடு கட்டியிருந்தால் நம்பலாம். ரப்பர் மரக் குளுலாம் இப்போது ஒரு வாய்ப்பு மட்டுமே. அதை முதலில் சோதித்துப் பார்க்கத்தக்க இடம் குடும்பங்கள் உறங்கும் வீடு அல்ல, திறந்த பள்ளி மண்டபத்தின் கூரை.

மரம் வாங்கும் யாரும் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். எந்த மரம், எந்த வலிமைக் குழு? என்ன மருந்து, ஏற்றியதற்குச் சான்று எங்கே? ஈரப்பதம் எவ்வளவு? முனையும் இணைப்பும் பிற்பாடு கண்ணால் பார்க்கும்படி இருக்குமா? இந்த நான்குக்கும் பதில் சொல்லாத கடையில் மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

தொழிலாளர் வீட்டுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்த 446-ஆம் சட்டம் 1990-இல் வந்தது. அதற்குப் பிறகும் மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் ஒரு நிரந்தர வீட்டுக்காகப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. இவ்வளவு பாடுபட்டுப் பெறும் வீட்டின் கூரையும் தளமும் இருபதாண்டுகளில் உளுத்துப்போனால் அந்த நட்டத்தை ஏற்க இன்னொரு தலைமுறைக்குச் சக்தி இருக்காது. ஆகவே கெப்போங் ஆய்வு நிலையத்துக்கும் மரத்தொழில் வாரியத்துக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் கையேடுகளை எளிய தமிழிலும் வெளியிடுங்கள், கோலா சிலாங்கூரின் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ரப்பர் மரக் குளுலாமால் ஒரு மண்டபக் கூரை போட்டு, அதன் ஈரப்பதத்தையும் நிலையையும் ஆண்டுதோறும் அளந்து ஊரறியச் சொல்லுங்கள். கோயில், பள்ளி நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை: அடுத்த கட்டடத்துக்குக் குத்தகை பேசும்முன் பொறியாளர் ஒருவரை அழைத்து இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். தீர்மானிக்கும் உரிமை இப்போது உங்களிடம் இருக்கிறது. அதை விவரம் அறிந்து பயன்படுத்துங்கள்.